வணங்கிய சொல், வசையான சொல்

'கெட்ட வார்த்தை பேசாதே' என்பது தமிழ் இல்லங்களில் குழந்தைகள் முதன்முதலில் கேட்கும் கட்டளைகளுள் ஒன்று. பள்ளியிலோ தெருவிலோ காதில் விழுந்த ஒரு சொல்லைக் குழந்தை வீட்டுக்கு வந்து உரக்கச் சொல்லிப் பார்க்கும். பாட்டி காதைப் பொத்திக்கொள்வார். 'போய் வாயைக் கழுவிக்கொண்டு வா' என்பார் தாய். 'அது ஏன் கெட்ட வார்த்தை?' என்று குழந்தை திருப்பிக் கேட்டுவிட்டால்தான் பெரியவர்களுக்குத் திண்டாட்டம். 'கெட்டது என்றால் கெட்டதுதான்' என்று அதட்டி அனுப்பிவிடுகிறோம்.

ஆனால் அந்தக் கேள்வி தள்ளிவிடத் தக்கதன்று. எழுத்தில் கெடுதல் ஏதும் இல்லை. தேவாரத்துக்கும் திருவாய்மொழிக்கும் பயன்பட்ட அதே எழுத்துகளே வசைக்கும் பயன்படுகின்றன. ஒலியிலும் இல்லை, தமிழ் அறியாத ஒருவர் காதில் வாழ்த்தும் வசையும் ஒன்றுபோலவே விழும். அப்படியானால் சொல்லில் அழுக்கு எங்கிருந்து வந்து சேர்கிறது? விடை தேடிப் புறப்பட்டால், அது நம்மைக் கோயில் வாசலுக்கே அழைத்துச் செல்கிறது. இன்று தமிழ்நாட்டுத் தெருக்களில் மிக இழிந்ததாகக் கருதப்படும் வசைச்சொல், ஒரு காலத்தில் கோயில் கல்வெட்டுகளில் மதிப்போடு பொறிக்கப்பட்ட பெயராக இருந்தது.

மறைத்துச் சொல்லும் மரபு

எல்லாச் சொல்லையும் எல்லா இடத்திலும் சொல்லலாகாது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். அவையில் சொல்லத் தகாத சொல்லுக்குத் தொல்காப்பியர் 'அவையல் கிளவி' என்று பெயரிட்டு, அதை மறைத்துக் கூற வேண்டும் என்று விதித்தார். நன்னூல் செய்த பவணந்தி முனிவர், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். இயற்கைக் கடன் கழித்ததைக் 'கால் கழுவி வந்தான்' என்பது இடக்கரடக்கல். இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று தமக்குள் சொல்லிக்கொள்வது குழூஉக்குறி.

இலக்கணம் படிக்காத இல்லங்களிலும் இவ்வழக்கு உயிரோடு இருக்கிறது. புறப்படும்போது 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய் வருகிறேன்' என்கிறோம். பூஜை அறையில் விளக்கை 'அணை' என்று சொல்வதில்லை. 'மலையேற்று', 'குளிர வை' என்கிறோம். இவற்றுக்கெல்லாம் அடிப்படை நாணம், அச்சம், மங்கல விருப்பம் ஆகியவை. விளக்கு அணைந்தது என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் எவர் மனமும் புண்பட்டுவிடாது.

தாமாகவே தரம் இறங்கிய சொற்களும் உண்டு. 'நாற்றம்' என்பது முற்காலத்தில் நறுமணம். கண்ணன் திருவாயின் மணம் கற்பூரத்தினுடையதா, தாமரையினுடையதா என்று பாஞ்சசன்னியச் சங்கிடம் வினவும் ஆண்டாள், 'நாறுதல்' என்னும் வினையையே ஆள்கிறாள். இன்று அதே சொல்லைக் கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். திருவள்ளுவர் தம் நூலின் மூன்றாம் பாலுக்கு வைத்த பெயரில் 'காமம்' இருக்கிறது. பிற்காலத்தவர் அதைச் சொல்லக் கூசி 'இன்பத்துப்பால்' என்று மாற்றி வழங்குகின்றனர். மாறாக, கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்த 'களிப்பு', தூய மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லாக உயர்ந்துவிட்டது. மொழிநூலார் இவற்றை இழிபொருட்பேறு, உயர்பொருட்பேறு என்பர். நாற்றம் என்னும் சொல் இறங்கியதால் எந்த மலரும் அழவில்லை.

சொல்லோடு சேர்த்து மனிதர்களும் கீழே தள்ளப்பட்ட நிகழ்ச்சிகள் வேறு வகையைச் சேர்ந்தவை. இக்கட்டுரை அவற்றைப் பற்றியதே.

தளிச்சேரிப் பெண்டுகள்

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன், அக்கோயிலின் பணிக்கெனச் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் 400 பெண்களை வரவழைத்துக் குடியமர்த்தினான். அவர்களைத் 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்று கல்வெட்டு குறிக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வகுக்கப்பட்டன. அவரவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அவர்களுடைய பெயருக்கு முன்னே 'நக்கன்' என்னும் சிவபெருமான் திருநாமம் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எளிய பெண்களின் பெயர்கள் இத்தனை ஒழுங்காக எழுதிவைக்கப்பட்ட இடம் உலகில் அரிது.

'தளி' என்றால் கோயில். 'சேரி' என்றால் மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. இத்தகைய பெண்களைக் கல்வெட்டுகள் பதியிலார் என்றும், தேவரடியார் என்றும் வழங்குகின்றன. நந்தா விளக்குக்குப் பொன்னும், திருவமுதுக்கு நிலமும், கோயிலுக்குத் திருமேனியும் தங்கள் பெயரால் வழங்கிய தேவரடியார் பலரைச் சோழர்காலக் கல்வெட்டுகளில் காணலாம்.

தேவர் + அடியார் = தேவரடியார். இறைவனுடைய அடியவர் என்பதே பொருள். நாயன்மார் அறுபத்து மூவரையும் நாம் எந்தச் சொல்லால் போற்றுகிறோமோ, அதே 'அடியார்' என்னும் சொல். அதன் ஒரு கிளை இன்றும் திருமுறை ஓதும் நாவில் இருக்கிறது. மற்றொரு கிளை சிதைந்து, சாலையில் வண்டி உரசினால் எழும் கூச்சலில் இருக்கிறது. அதன் சிதைந்த வடிவத்தை இங்கே எழுத வேண்டியதில்லை, வாசகர்கள் அறிவார்கள்.

சொல்லைக் கெடுத்தது யார்?

ஒரே நாளில் இது நிகழ்ந்துவிடவில்லை. கோயில்களைப் பேணிய அரசுகள் வீழ்ந்தன. மானியங்கள் சுருங்கின. கலையும் இறைபணியும் வாழ்வாதாரமாக இருந்த குடும்பங்கள், செல்வர்களின் தயவை நம்பி வாழும் நிலைக்கு வந்தன. பொட்டுக்கட்டுதல் என்னும் சடங்கு, விவரம் அறியாச் சிறுமிகளின் வாழ்வைப் பிறர் கையில் ஒப்படைக்கும் வழியாயிற்று. அம்முறை ஒழிய வேண்டும் என்று போராடியவர்களுள் அதே மரபைச் சேர்ந்தவர்களும் முன்னணியில் நின்றார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாம் கண்டறிந்த கொடுமைகளை 1936இல் ஒரு நாவலாகவே எழுதினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் வாதாடினார்; தப்பிவந்த சிறுமிகளுக்கு அடைக்கலமாக அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்தார். 1947இல் சென்னை மாகாணத்தில் அம்முறையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அது நீதியான சட்டம்.

சடங்கு ஒழிந்தது, வசை ஒழியவில்லை. இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கொடுமையில் இரு தரப்பினர் இருந்தனர். பணத்தையும் பதவியையும் கொண்டு அப்பெண்களை ஆண்டவர்கள் ஒரு தரப்பு. வேறு வழியின்றி ஆளப்பட்டவர்கள் மறு தரப்பு. ஆண்டவர்களைக் குறிக்க வசைச்சொல் ஏதும் பிறக்கவில்லை. 'மைனர்' என்ற செல்லப் பெயரே பிறந்தது. துன்புற்ற பெண்ணின் பெயர் வசையாயிற்று. அவளோடும் நிற்காமல், யாரையேனும் ஏச வேண்டுமானால் அவருடைய தாயை அப்பெயரால் சுட்டுவது வழக்கமாயிற்று. இரண்டு ஆண்கள் சண்டையிட்டால், அங்கே இல்லாத ஒரு தாய் அடிபடுகிறாள்.

இவ்வாறு இழிக்கப்பட்ட மரபு நமக்குத் தந்தவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீணை தனம்மாளும், அவருடைய பேத்தி பாலசரஸ்வதியும் அம்மரபில் வந்தவர்கள். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, தம் பொருளையெல்லாம் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரும் அம்மரபினரே. ஆண்டுதோறும் ஆராதனைக்குச் சென்று பஞ்சரத்தின கீர்த்தனைகளைக் கேட்டு உருகும் நாம், அவர் கட்டிய நிழலில்தான் அமர்ந்திருக்கிறோம்.

ஆபாசம் என்று முடிவு செய்வது யார்?

நாகரத்தினம்மாளின் வாழ்வில் நம் பொருளுக்கு நேரே தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் முத்துப்பழனி என்ற புலவர் இருந்தார். தேவதாசி மரபினரான அவர், இராதையின் ஊடலைக் கண்ணன் தணிப்பதைப் பொருளாகக் கொண்டு 'ராதிகா சாந்த்வனமு' என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். அதைத் தேடி எடுத்து 1910இல் செம்மையாகப் பதிப்பித்தவர் நாகரத்தினம்மாள்.

உடனே எதிர்ப்பு எழுந்தது. நூல் ஆபாசமானது என்று தெலுங்கு அறிஞரும் சீர்திருத்தவாதியுமான வீரேசலிங்கம் பந்துலு கண்டித்திருந்தார். ஆண் புலவர்கள் எழுதிய காவியங்களில் இதைவிட வெளிப்படையான சிருங்காரம் இருக்கிறதே, அவற்றை மட்டும் இலக்கியம் என்று போற்றுவது எந்த நியாயம் என்று நாகரத்தினம்மாள் வினவினார். ஆங்கில அரசு 1911இல் நூலைத் தடை செய்தது. பல ஆண்டுகள் கழித்து, டங்குட்டூரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தபோதுதான் அத்தடை நீங்கியது.

ஆண் எழுதியபோது இலக்கியமாக இருந்த வருணனை, தாசி மரபில் வந்த பெண் எழுதியபோது ஆபாசமாயிற்று. ஒரு சொல் தகுமா, தகாதா என்று நாம் தீர்ப்பளிக்கும்போது பெரும்பாலும் சொல்லை எடைபோடுவதில்லை. சொன்னவர் யார் என்று பார்த்தே தட்டை இறக்குகிறோம்.

சேரியும் காலனியும்

தளிச்சேரி என்னும் சொல்லின் பிற்பாதிக்கும் இதே கதி நேர்ந்தது. சோழர் காலத்தில் சேரி என்பது இழிசொல் அன்று. குடவோலைத் தேர்தலுக்குப் புகழ்பெற்ற உத்திரமேரூர், வேதம் வல்ல அந்தணர்களின் சதுர்வேதிமங்கலம். அதுவே பல சேரிகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததை அவ்வூர்க் கல்வெட்டு காட்டுகிறது. தஞ்சைக் கல்வெட்டுகள் கம்மாணச்சேரி, பறைச்சேரி எனப் பலவற்றையும் ஒரே வரிசையில் சொல்கின்றன. அவரவருக்கு அவரவர் சேரி இருந்தது. இன்றும் புதுச்சேரி என்றோ வேளச்சேரி என்றோ சொல்லும்போது எவர் முகமும் மாறுவதில்லை. தனித்து நிற்கும் 'சேரி' மட்டும், தீண்டாமையால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் இருப்பிடமாகச் சுருங்கியது. பிறகு, வசை பேசுபவரைச் 'சேரிக்காரனைப்போலப் பேசுகிறான்' என்று கண்டிக்கும் அளவுக்குப் போயிற்று. வசையைக் கண்டிக்கப் புறப்பட்டவர், அவ்வொரு வாக்கியத்தில் பல்லாயிரம் குடும்பங்களை ஏசிவிடுகிறார்.

சொல் கெட்டுவிட்டது, வேறு சொல் வைப்போம் என்று நல்லோர் முயன்றார்கள். காந்தியடிகள் 'ஹரிஜன்' என்ற பெயரை வழங்கினார். 1933இல் அப்பெயரிலேயே இதழும் தொடங்கினார். குஜராத்தி பக்திக் கவிஞர் நரசிங்க மேத்தா ஆண்ட சொல் அது. ஹரியின் மக்கள் என்பதைவிட உயர்ந்த பெயர் வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் அம்மக்களின் விருப்பம் கேளாமல் சூட்டப்பட்ட பெயர் என்பதால் டாக்டர் அம்பேத்கர் அப்போதே அதை ஏற்கவில்லை. அவருடைய கணிப்பு பிழைக்கவில்லை. கிணற்றில் நீர் எடுக்க விடாதவர்களும் கோயிலுக்குள் நுழைய விடாதவர்களும் தங்கள் போக்கை மாற்றிக்கொள்ளாமல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். இகழ்ச்சி அப்படியே புதிய பெயரில் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று அச்சொல் இழிவுபடுத்தும் நோக்கில் பயன்படுத்தப்படுகிறது என்று 2017இல் உச்ச நீதிமன்றமே கூறியது. இறைவனின் திருப்பெயரைச் சேர்த்துக் கட்டியும் சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை.

'காலனி' என்பது மேலும் வியப்பானது. நகரத்தில் 'வங்கி ஊழியர் காலனி' என்று முகவரி எழுதுவது பெருமை. சிற்றூரில் அதே சொல் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பைக் குறித்து, இகழ்ச்சிக் குறியாகவும் ஆயிற்று. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இதை நீக்குவதாக 2025இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. கடல் கடந்து வந்த, நம் பழமையோடு எவ்வித உறவும் இல்லாத சொல்லையும் அரை நூற்றாண்டுக்குள் கெடுத்துவிட்டோம்.

வங்கியில் பணியாற்றியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அழுக்கடைந்த நோட்டுகளைத் தனியே பிரித்து ரிசர்வ் வங்கிக்கு அனுப்புவோம். மாற்றாகச் சலவை நோட்டுகள் வரும். அவையும் சில ஆண்டுகளில் அழுக்காகித் திரும்பும். நோட்டு அச்சகத்திலிருந்து வரும்போது அதில் அழுக்கு இல்லை, கைகளிலிருந்துதான் ஏறுகிறது. புது நோட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. 'ஊனமுற்றோர்' என்பதை 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றியதும், 'திரு' என்னும் மங்கலச் சொல்லைச் சேர்த்துத் 'திருநங்கை' என்று வழங்கியதும் நல்லவையே. ஆயினும் கைகளைக் கழுவாத வரையில் புதுச் சொல்லும் விரைவில் பழையதாகிவிடும்.

தெய்வங்களையும் விட்டோமில்லை

மனிதர்கள் இருக்கட்டும், தெய்வங்களைக்கூட நாம் வசையாக்கியிருக்கிறோம். 'மூதேவி' என்பது மூத்த தேவி என்று மட்டுமே பொருள்படும். திருமகளுக்கு மூத்தவளாகிய ஜேஷ்டாதேவியை, 'அக்காள்' என்று பொருள்படும் 'தவ்வை' என்னும் பெயரால் திருவள்ளுவர் குறிப்பிடுகிறார். அவளுக்கு வழிபாடும் இருந்தது. காஞ்சி கயிலாசநாதர் கோயிலில் அவள் திருவுருவம் உண்டு. திருப்பரங்குன்றத்தில் 8ஆம் நூற்றாண்டிலேயே அவளுக்குச் சன்னிதி குடையப்பட்டது. காக்கைக் கொடியோடும், எருதுமுகம் கொண்ட மகனோடும் பழைய கோயில்களின் சுற்றில் அவள் அமர்ந்திருப்பதை அன்பர்கள் பலர் கண்டிருக்கக்கூடும். அவள் வழிபாடு மறைந்தது. பெயர் மட்டும் மிஞ்சி, விடிந்தும் எழாத மகளை அதட்டப் பயன்படுகிறது.

'சனியனே' என்பதையும் நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை காலையில் எள் தீபம் ஏற்றி, திருநள்ளாற்றுக்கு நேர்ந்துகொண்டு, சனீஸ்வர பகவானே என்று கைகூப்புகிறோம். அன்று மாலையே பால் பாத்திரத்தைத் தட்டிவிட்ட பேரனை அதே பெயரால் திட்டுகிறோம். பேரனை ஏசினோமா, பகவானை ஏசினோமா? எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தையே கிடையாது என்று சொல்லும் குடும்பங்களிலும் இவ்விரண்டு சொற்களும் தாராளமாகப் புழங்குகின்றன.

வசையில் தொடங்கிய பதிகம்

சொல் இறங்கிய வழியைக் கண்டோம். ஏறும் வழியும் உண்டு என்பதற்கு நம் சமயத்திலேயே சான்று இருக்கிறது.

புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் முதிய அந்தணர் ஒருவர் ஓலையோடு வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்றார். சினம் கொண்ட சுந்தரர் அவரைப் பித்தன் என்று இகழ்ந்தார். ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை முதியவரிடம் பத்திரமாக இருந்தது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போய், சுந்தரர் தோற்றார். முதியவர் அருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைந்தார். வந்தவர் யாரென உணர்ந்து சுந்தரர் நடுங்கியபோது, என்னைப் பாடு என்றான் இறைவன். எப்படித் தொடங்குவது என்று அவர் திகைக்க, நீ என்னை ஏசிய சொல்லையே முதற்சொல்லாக வை என்று அருளினான். சுந்தரர் தேவாரம் அவ்வாறு ஒரு வசைச்சொல்லில் தொடங்குகிறது. வன்மையாகப் பேசியவருக்கு வன்தொண்டர் என்பதே பெயராயிற்று.

பின்னொரு காலத்தில் கண்ணொளி இழந்து திருவாரூரில் நின்ற அதே சுந்தரர், நீர் மட்டும் நன்றாக வாழும் என்னும் பொருள்பட இறைவனிடம் முறையிட்டார். சொல்லளவில் அது வாழ்த்து; உள்ளத்தளவில் உரிமையோடு கூடிய ஏச்சு. முன்னது வசை, துதியாயிற்று. பின்னது வாழ்த்து, வசையாயிற்று. இரண்டிலும் எழுத்து மாறவில்லை. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள உறவே பொருளை முடிவு செய்தது. தாய் தன் குழந்தையைத் 'திருட்டுப் பயலே' என்று கொஞ்சும்போது அது கண்ணனுக்கும் உகந்த பெயராக இருக்கிறது. அதே சொல்லைக் கடைவாசலில் ஏழைச் சிறுவனிடம் சொன்னால், அவன் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை.

தூய சொல்லால் விழும் அடி

நான் பணியாற்றிய ஒரு சிற்றூர்க் கிளைக்கு, முதியோர் உதவித்தொகை பெற மூதாட்டி ஒருவர் மாதந்தோறும் வருவார். கைநாட்டுப் பழக்கம். ஒருநாள், பணம் வந்துவிட்டதா என்று இரண்டாம் முறை கேட்டுவிட்டார். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்தும் பாராமல், 'படிக்காததுகளுக்கெல்லாம் பதில் சொல்லியே பொழுது போகிறது' என்றார். மூதாட்டி பாஸ்புத்தகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அடுத்த மாதத்திலிருந்து, கேட்டுச் சொல்ல அவருடைய பேரன்தான் வந்தான். அந்த அலுவலரை அழைத்து நான் விசாரித்தபோது அவர் உண்மையாகவே திகைத்தார். 'நான் தவறாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே, சார்' என்றார்.

எந்தத் தடைப்பட்டியலிலும் இல்லாத வாக்கியம் அது. ஆனால் உயர்திணையில் இருந்த ஒருவரை அது அஃறிணைக்குத் தள்ளிவிட்டது. வீட்டில் பாத்திரம் துலக்கும் அறுபது வயது அம்மையாரைப் பள்ளிச் சிறுமி பெயர்சொல்லி 'நீ, வா, போ' என்று அழைப்பதும், குப்பை எடுக்க வருபவரை 'அது வந்திருக்கிறது' என்று உள்ளே அறிவிப்பதும் அவ்வகையே. காசியில் ஆதிசங்கரர் எதிர்ப்பட்டவரிடம் சொன்னதாகக் கூறப்படுவதும் 'விலகு' என்ற ஒரு சொல்தான். விலக வேண்டியது உடலா, ஆன்மாவா என்று எதிரே நின்ற புலையர் கேட்டார். அவர் வடிவில் வந்தவர் விசுவநாதரே என்பது வரலாறு. இத்தகைய ஞானம் உடையவர் எக்குலத்தவராயினும் அவரே என் குரு என்று சங்கரர் பாடியதே மனீஷா பஞ்சகம். அந்தக் கதையை உபந்நியாசத்தில் கேட்டுக் கண்ணீர் மல்கும் நாமே, கோபம் வந்தால் 'சண்டாளா' என்கிறோம்.

குழந்தைக்கு என்ன விடை?

'அது ஏன் கெட்ட வார்த்தை?' என்று வீட்டில் குழந்தை கேட்டால், இனி அதட்டி அனுப்ப வேண்டாம். வளர்ந்த பிள்ளையாயின் உள்ளதைச் சொல்லலாம். அந்தச் சொல் ஒரு காலத்தில் கோயிலில் தொண்டு செய்த பெண்களின் பெயர். அவர்களுக்குத் தீங்கு செய்தவர்கள் பெயரையும் கெடுத்துவிட்டார்கள். நீ அதைச் சொல்லும்போது அந்தத் தீங்கில் உனக்கும் பங்கு வந்துவிடுகிறது என்று விளக்கலாம். வாயைக் கழுவச் சொல்வதைவிட இது பிள்ளையின் நெஞ்சில் நிற்கும். கல்லூரி மாணவர்கள் சிலர் வாக்கியத்துக்கு வாக்கியம் அச்சொல்லை உதிர்க்கிறார்கள்; பொருள் அறிந்து சொல்பவர்கள் மிகச் சிலரே. அடுத்த முறை தஞ்சைக்குச் சென்றால், நந்தியையும் விமானத்தையும் காட்டுவதோடு நில்லாமல், இந்தக் கோயிலின் கல்லில் 400 பெண்களின் பெயர் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

திருவாரூரில் சுந்தரர் மணந்த பரவையார், பதியிலார் குலத்தில் தோன்றியவர் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் எவ்விதத் தயக்கமும் இன்றிப் பாடியிருக்கிறார். சுந்தரர்மீது பரவையார் ஊடல் கொண்டு கதவடைத்தபோது, அதைத் தீர்க்கத் தூது நடந்தவர் தியாகேசப் பெருமான். ஒரே இரவில் இருமுறை நடந்தார். இன்று நம் தெருக்களில் எந்தப் பெயர் வசையாக எறியப்படுகிறதோ, அந்தப் பெயருக்குரிய பெண்ணின் வாசலில்தான் அன்று அந்தத் திருவடிகள் நின்றன.